தெரிந்த குறையும் மறைத்த காலமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கார் வாங்குவோரிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஒரு வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஜப்பானியக் கார் எளிதில் பழுதாகாது, டெட்ராய்ட் கார்தான் பணிமனையிலேயே பாதி ஆயுளைக் கழிக்கும் என்பது ஒரு தரப்பு. உள்நாட்டில் செய்யப்பட்ட கனத்த காரே விபத்தில் உயிரைக் காக்கும், வெளிநாட்டுக் கார் வெறும் தகரம் என்பது மறுதரப்பு. இரு தரப்பாரும் தத்தம் வீட்டு வாசலில் நின்ற வண்டிகளையே சான்றாகக் காட்டுகின்றனர். ஆனால் முதல் தரப்பு பேசுவது நம்பகத்தன்மையைப் பற்றி, இரண்டாம் தரப்பு பேசுவது பாதுகாப்பைப் பற்றி என்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற முடியாது என்பதும் அவ்வாதத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

நம்பகத்தன்மை என்பது ஒரு வண்டி எத்தனை காலம், எவ்வளவு குறைந்த பழுதுகளுடன் தன் வேலையைச் செய்கிறது என்பதைக் குறிக்கும். ஜே.டி. பவர் நிறுவனம் புதிய வண்டியின் முதல் 90 நாட்களில் உரிமையாளர்கள் சொல்லும் குறைகளை ஓர் ஆய்விலும், மூன்றாண்டு ஓடிய வண்டிகளின் குறைகளை மற்றோர் ஆய்விலும் திரட்டி, 100 வண்டிகளுக்கு எத்தனை குறை என்று கணக்கிடுகிறது; கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் தன் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் கேட்டு மாடல் வாரியாகத் தரவரிசை வெளியிடுகிறது. இத்தகைய கணக்குகளில் கைபேசியோடு இணைய மறுக்கும் தொடுதிரையும் ஒரு குறையாகவே இடம்பெறும். பாதுகாப்புக் குறைபாடு என்பதோ சட்டம் வகுத்த ஒரு கருத்து. ரால்ஃப் நாடரின் 1965 ஆம் ஆண்டு நூல் எழுப்பிய கொந்தளிப்பைத் தொடர்ந்து 1966 இல் இயற்றப்பட்ட மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம், வடிவமைப்பிலோ உற்பத்தியிலோ இருக்கும் ஒரு பிழை விபத்துக்கோ விபத்தில் உயிரிழப்புக்கோ ஏற்கத்தகாத அளவு இடர் விளைவிக்குமானால், அதை அரசுக்கும் உரிமையாளர்களுக்கும் அறிவிக்கும் கடமையை உற்பத்தியாளர் மீது சுமத்தியது. அத்தகைய பிழை அன்றாட ஓட்டத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். பதினைந்து ஆண்டுகள் ஒரு நாளும் நின்றுபோகாத காரின் ஏர்பேக்கினுள் ஒரு கொலைக்கருவி உறங்கிக்கொண்டிருந்தால், அதன் உரிமையாளர் அந்தக் காரைப் பற்றித் தரும் நற்சான்றிதழில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழுக்கு மதிப்பும் இல்லை.

நம்பகத்தன்மையில் ஜப்பானிய நிறுவனங்கள் பெற்ற முன்னணி கற்பனையானதன்று. 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சிறிய கார்களை நாடிய அமெரிக்கர்களுக்கு டெட்ராய்ட் அளித்தவற்றுள், விரைவில் துருப்பிடித்ததாலும் அலுமினிய என்ஜின் அதிக வெப்பத்தில் கெட்டதாலும் பெயர் கெட்ட செவ்ரோலெட் வேகாவும், பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் பொருத்தப்பட்டதால் பின்புற மோதலில் தீப்பற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1978 இல் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்ட ஃபோர்டு பின்டோவும் இருந்தன. வெளிநாட்டுக் கார்களிடம் சந்தையை இழந்த கோபம் வணிகத்தோடு நிற்கவில்லை. 1981 இல் ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரமாகக் கட்டுப்படுத்திக்கொள்ள இணங்க நேர்ந்தது. மறு ஆண்டு டெட்ராய்ட் பகுதியில், ஜப்பானியர் எனக் கருதப்பட்ட சீன வம்சாவளி அமெரிக்க இளைஞர் ஒருவர் கார்த் தொழிலைச் சேர்ந்த இருவரால் அடித்துக் கொல்லப்பட்டார். கார் முத்திரையின் நாட்டைப் பற்றிய பேச்சு எவ்வளவு கொடிய இடத்துக்குப் போகக்கூடும் என்பதை மறந்துவிட்டு இந்த விவாதத்தை நடத்துவது நேர்மையாகாது.

முத்திரைக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பைச் சோதித்துப் பார்க்க, வரலாறே ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துத் தந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984 இல் கூட்டாகத் தொடங்கிய நம்மி என்னும் ஆலையில் டொயோட்டா கொரோலாவும், அதனோடு ஏறக்குறைய எல்லா வகையிலும் ஒத்திருந்த ஜியோ பிரிஸமும் ஒரே தொழிலாளர்களால் செய்யப்பட்டன. ஆனாலும் அமெரிக்கப் பெயர் தாங்கிய பிரிஸம் பழைய கார் சந்தையில் கொரோலாவைவிடக் குறைந்த விலைக்கே போனது. வாங்குவோர் அந்தக் கூடுதல் பணத்தை ஒரு பெயருக்காகவே கொடுத்தனர். இதற்கிடையே ஹோண்டா 1982 முதல் ஒஹையோவின் மேரிஸ்வில்லிலும், டொயோட்டா 1988 முதல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனிலும் கார் செய்யத் தொடங்கின. டெட்ராய்ட் நிறுவனங்களோ மெக்சிகோவிலும் கனடாவிலும் செய்த வண்டிகளை உள்நாட்டு முத்திரையுடன் விற்றன. புதிய காரில் உள்நாட்டுப் பாகங்களின் விழுக்காட்டை ஒட்ட வேண்டும் என்று 1992 இல் இயற்றப்பட்ட சட்டமே அமெரிக்காவையும் கனடாவையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. ஆகவே, ‘வெளிநாட்டுக் கார்’ எது என்ற கேள்விக்கே நேரான விடை இல்லாத ஒரு தொழிலில், குறைபாட்டை நாடு வாரியாகப் பிரிப்பது தொடக்கத்திலேயே சிக்கலாகிவிடுகிறது.

அந்தச் சிக்கலை டொயோட்டாவின் நெருக்கடி தெளிவாகக் காட்டியது. 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே, விற்பனையகம் தற்காலிகமாக ஓட்டக் கொடுத்திருந்த, டொயோட்டாவின் லெக்சஸ் முத்திரை தாங்கிய ஒரு கார் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி மோதியதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தனர். வேறொரு மாடலுக்குரிய தரைவிரிப்பு அந்தக் காரில் போடப்பட்டிருந்தது என்பதும், அதன் விளிம்பில் ஆக்சிலரேட்டர் மிதி சிக்கிக்கொண்டது என்பதும் விசாரணையில் தெரிந்தன. த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது என்ஜினின் வெற்றிடத்தை நம்பி இயங்கும் பிரேக் உதவி, மிதியை இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்தாலே தீர்ந்துவிடும். பொத்தானை அழுத்தி இயக்கும் அந்தக் காரில் ஓடும் என்ஜினை நிறுத்தப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது அந்த வண்டியைப் பழகாத எவருக்கும் தோன்றாது. தரைவிரிப்பு ஒன்று மட்டும் கொன்றது என்று சொல்வதைவிட, இத்தனை சிறு முடிவுகளும் ஒரே நிமிடத்தில் ஒன்றுசேர்ந்தன என்பதே பொருத்தம்.

தரைவிரிப்புக்காக லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெற்ற டொயோட்டா, சிக்கலின் வேரைக் களைந்துவிட்டதாக மக்களுக்கு உறுதியளித்தது. ஆனால் மிதியே உராய்வால் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பும் மற்றொரு குறை அப்போதே நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. அதைச் சரிசெய்யும் முறையை 2009 செப்டம்பர் இறுதியில் ஐரோப்பாவின் 31 நாடுகளின் விநியோகஸ்தர்களுக்கு அது அனுப்பியும்விட்டது. குறைபாட்டை அறிந்த ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அமெரிக்காவில் 23 லட்சம் வண்டிகளுக்கான அறிவிப்பு 2010 ஜனவரியில்தான் வந்தது. அந்த மிதியைச் செய்து கொடுத்தது, அப்போது இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சி.டி.எஸ். என்னும் அமெரிக்க நிறுவனம். ஜப்பானின் டென்சோ செய்த மிதிகள் அந்தத் திரும்பப் பெறுதலில் சேரவில்லை. அதே மிதியைக் கொண்டிருந்ததால் நம்மி ஆலையில் பிறந்த பான்டியாக் வைப் காரும், அதாவது ஜெனரல் மோட்டார்ஸ் பெயரில் விற்ற ஒரு வண்டியும், டொயோட்டாவின் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்டது. இதில் உள்நாடு எது, வெளிநாடு எது என்று பிரிக்க முயல்வோர் எந்தப் பக்கம் நின்றாலும் பாதி உண்மையையே காண்பர்.

மிதியைத் தாண்டி, காரின் மின்னணுவியலிலேயே பிழை உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. ஆக்சிலரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே கம்பி வடத்துக்குப் பதில் உணரிகளையும் கணினியையும் வைத்த அமைப்பை, நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி நாசாவின் பொறியாளர்கள் பத்து மாதங்கள் ஆராய்ந்தனர்; 2,80,000 வரிகளுக்கு மேற்பட்ட மென்பொருளைப் படித்தும், ஆபத்தான வேகத்துக்கு மின்னணுக் காரணம் எதையும் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2013 அக்டோபரில் ஓக்லஹோமா நடுவர் மன்றம் ஒன்று, 2005 ஆம் ஆண்டு கேம்ரி கார் ஒன்றின் மென்பொருளைப் பற்றிய நிபுணர் சாட்சியத்தைக் கேட்டபின் டொயோட்டாவைப் பொறுப்பாளி என்று தீர்த்தது. இவ்விரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. ஆய்வு, தேடிய இடத்தில் காணவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும். நீதிமன்றமோ ஒரு குறிப்பிட்ட விபத்தில் எது நிகழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதையே முடிவு செய்கிறது. 2014 மார்ச்சில் டொயோட்டா 120 கோடி டாலர் செலுத்தி அமெரிக்க நீதித் துறையோடு செய்துகொண்ட உடன்படிக்கை இந்தத் தொழில்நுட்ப வழக்கைப் பற்றியதே அன்று. தரைவிரிப்பையும் ஒட்டும் மிதியையும் பற்றித் தெரிந்திருந்தும் மக்களைத் தவறாக வழிநடத்தியதற்கே அந்தத் தொகை.

அதே மாதங்களில் அமெரிக்காவின் மிகப் பெரிய கார் நிறுவனம் இதைவிடக் கசப்பான ஒன்றுக்காக நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலெட் கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய சிறு கார்களில் சாவியைத் திருப்பும் இக்னிஷன் சுவிட்ச் மிகத் தளர்வாக இருந்தது. திருப்புவதற்குத் தேவையான முறுக்குவிசை நிறுவனமே வகுத்த அளவைவிடக் குறைவு என்று தெரிந்தும், 2002 இல் பொறுப்புப் பொறியாளர் அதற்கு ஒப்புதல் அளித்தார். கனமான சாவிக்கொத்தோ, முழங்காலின் இடிப்போ, சாலைப் பள்ளமோ போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி நிறுத்த நிலையை நோக்கி நழுவும். என்ஜின் நிற்கும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பெற்றுவந்த உதவி போகும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஏர்பேக்கை விரிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் நின்றுபோகும். கார் மரத்தில் மோதும் அந்த நொடியில் ஏர்பேக் உறையை விட்டு வெளியே வராது.

நிறுவனத்துள் நடந்ததை விசாரித்த முன்னாள் அரசு வழக்குரைஞர் ஆன்டன் வலுக்காஸின் 2014 ஜூன் அறிக்கை, தீய எண்ணத்தைவிடப் பொறுப்பின்மையையே அதிகம் வெளிப்படுத்துகிறது. ஓடும் கார் நின்றுபோவதை நிறுவனம் பாதுகாப்புச் சிக்கலாகக் கொள்ளாமல் வாடிக்கையாளர் வசதி பற்றிய குறையாக வகைப்படுத்தியிருந்தது. ஏர்பேக்கும் அந்த சுவிட்சும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை அந்தக் காரைச் செய்தவர்களே அறியவில்லை. 2005 டிசம்பரில் விற்பனையகங்களுக்குச் சென்ற சுற்றறிக்கை, சாவிக்கொத்திலிருந்து தேவையற்ற பொருள்களை அகற்றுமாறு வாடிக்கையாளரிடம் சொல்லும்படி கூறியது. கூட்டங்களில் எல்லாரும் ஒரு தீர்வுக்குத் தலையசைத்துவிட்டு, யாரும் அதைச் செய்யும் எண்ணமின்றிக் கலைவதும், கைகளைக் குறுக்கே மடக்கிப் பிறரைச் சுட்டிக்காட்டுவதும் அங்கே தனிப் பெயர் பெறும் அளவுக்குப் பழகிப்போயிருந்தன. 2006 இல் சுவிட்சின் உட்பாகம் சத்தமின்றி மாற்றப்பட்டது. ஆனால் பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணைத் தாங்கியதால், பிந்தைய கார்களில் விபத்து ஏன் குறைந்தது என்று தேடிய நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்களே ஆண்டுக்கணக்கில் திகைத்தனர்.

உண்மை வெளியில் இருந்துதான் வந்தது. விஸ்கான்சினில் நடந்த ஒரு விபத்தை ஆராய்ந்த மாநிலக் காவல் அதிகாரி ஒருவர் 2007 லேயே சுவிட்சையும் விரியாத ஏர்பேக்கையும் இணைத்து அறிக்கை எழுதியிருந்தார். ஜார்ஜியாவில் 2010 இல் மகளை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்புப் பொறியாளர் கடையில் புதிய சுவிட்ச் ஒன்றை வாங்கி விபத்துக் காரின் சுவிட்சோடு பிரித்து ஒப்பிட்டபோதுதான் உட்பாகத்தின் நீளம் மாறியிருப்பது புலனானது. அரசின் பாதுகாப்பு நிர்வாகமோ 2007 லும் 2010 லும் முறையான விசாரணை தேவையில்லை என்று விட்டுவிட்டது. 2014 பிப்ரவரியில் தொடங்கி 26 லட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டபோது 13 பேர் இறந்ததாக நிறுவனம் கூறியது. கென்னத் ஃபைன்பெர்க் நிர்வகித்த இழப்பீட்டு நிதி இறுதியில் 124 மரணங்களை ஏற்றது. நீதித் துறையுடனான 90 கோடி டாலர் உடன்படிக்கை 2015 செப்டம்பரில் ஏற்பட்டது. இறந்தவர்களுள் பலர், பெற்றோர் மலிவானது, சிறியது, பாதுகாப்பானது என்று நம்பி வாங்கிக்கொடுத்த முதல் காரை ஓட்டிய இளைஞர்கள் என்பதை எண்ணும்போது, தனிப்பட்ட எவரும் குற்றவாளி ஆக்கப்படாமல் தொகையோடு வழக்கு முடிந்ததை நீதி என்று ஏற்க மனம் ஒப்பவில்லை.

இவ்விரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் ஒரு செய்தி துலங்குகிறது. ஆயிரக்கணக்கான பாகங்களும் லட்சக்கணக்கான வரி மென்பொருளும் கொண்ட பொருளில் பிழை புகுவது எந்த நாட்டு நிறுவனத்துக்கும் நேரக்கூடியது. அந்தப் பிழை கண்டறியப்பட்ட நாளுக்கும் ஓட்டுநருக்குச் சொல்லப்பட்ட நாளுக்கும் இடையில் நிறுவனம் செய்ததே அதன் பண்பை அளக்கும் கோல். ஜப்பானிய நிறுவனம் ஐரோப்பாவுக்குச் சொன்னதை அமெரிக்காவுக்குச் சில மாதங்கள் சொல்லாமல் இருந்தது. அமெரிக்க நிறுவனம் தன் சொந்த மக்களுக்கே பத்தாண்டுக்கு மேல் சொல்லவில்லை. அயல்நாட்டில் முதலில் சரிசெய்யும் இந்த நடத்தை அமெரிக்க முத்திரையிலும் நிகழ்ந்ததுண்டு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்தபோது, சவூதி அரேபியா, வெனிசுவேலா போன்ற நாடுகளில் மாற்றித்தரத் தொடங்கிய பிறகே, 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. ஃபயர்ஸ்டோன் 1988 முதல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தம். குற்றம் டயரிலா, டயருக்குக் குறைந்த காற்றழுத்தத்தைப் பரிந்துரைத்த ஃபோர்டின் வண்டியிலா என்று இரு நிறுவனங்களும் சண்டையிட்டே ஏறத்தாழ நூறாண்டு உறவை முறித்துக்கொண்டன. அயல்நாட்டில் திரும்பப் பெற்றால் அமெரிக்க அரசுக்கும் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் அந்த ஆண்டு இறுதியில் இயற்றப்பட்டது அதன் விளைவே.

தகாட்டாவின் ஏர்பேக் வழக்கு முத்திரைகளின் எல்லையை முற்றிலும் அழித்துவிட்டது. ஏர்பேக்கை நொடியில் நிரப்பும் இன்ஃப்ளேட்டர் என்னும் உலோகக் குப்பியில் வாயுவை உண்டாக்க இந்த ஜப்பானிய நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் ஈரமும் வெப்பமும் ஏறி இறங்குவதால் அந்த வேதிப்பொருளின் வில்லைகள் சிதைந்து, வேண்டியதைவிட வேகமாக எரிந்து, குப்பியையே வெடிக்கவைத்து உலோகத் துண்டுகளை ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ச்சின. அமெரிக்காவில் முதலில் அறியப்பட்ட மரணம் 2009 இல் ஓக்லஹோமாவில் நிகழ்ந்தது. ஃப்ளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களில் இடர் அதிகம். 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களின் இன்ஃப்ளேட்டர்கள் சோதனையில் 50 விழுக்காடு வரை வெடிக்கும் என்று 2016 இல் பாதுகாப்பு நிர்வாகம் எச்சரித்தது. ஹோண்டாவும் டொயோட்டாவும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பி.எம்.டபிள்யூவும் உட்பட 19 உற்பத்தியாளர்களின் வண்டிகளிலிருந்து அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட வேண்டியதாயிற்று. சோதனை முடிவுகளைத் திருத்திக் கார் நிறுவனங்களுக்குக் கொடுத்ததைத் தகாட்டா 2017 ஜனவரியில் ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் செலுத்த இணங்கியது. அந்த ஆண்டிலேயே திவாலானது. நம்பகத்தன்மைத் தரவரிசையின் உச்சியில் நின்ற ஹோண்டா அக்கார்டை வாங்கியவர், தம் தேர்வில் எந்தப் பிழையும் செய்யாதவர்.

குற்றச்சாட்டு எல்லாமே உண்மை என்று கொள்வதும் ஆபத்து. 1986 நவம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் நிகழ்ச்சி ஒன்று ஜெர்மனியின் ஔடி 5000 கார் தானாகவே பாய்வதாகக் காட்டிய பின் அந்நிறுவனத்தின் அமெரிக்க விற்பனை சரிந்தது. 1989 இல் அரசு ஆய்வு, பெரும்பாலான நிகழ்வுகளில் ஓட்டுநர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்று முடிவு செய்தது. ஆனால் அந்த வழக்கிலும் ஒரு நன்மை விளைந்தது: பிரேக்கை மிதித்தாலன்றி நிறுத்த நிலையிலிருந்து கியரை மாற்ற முடியாத பூட்டு பரவலானது. மனிதர் தவறு செய்வர் என்பதைக் கணக்கில் கொண்டு வடிவமைப்பதும் பொறியியலின் கடமையே ஆதலால், ஓட்டுநரின் பிழை என்று நிறுவப்பட்ட இடத்திலும் உற்பத்தியாளரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

முத்திரையைவிடச் சட்டமும் சோதனையும் எவ்வளவு வலியவை என்பதற்குத் தென்கொரியக் கார்கள் தெளிவான சான்று. சரியான சாவியின் மின்னணுக் குறியீடு இல்லாமல் என்ஜினை இயங்கவிடாத இம்மொபிலைசர் என்னும் கருவி கனடாவில் 2007 முதல் கட்டாயம், அமெரிக்காவில் கட்டாயமில்லை. ஹூண்டாயும் கியாவும் கனடாவில் அதைப் பொருத்திவிட்டு, அமெரிக்காவில் 2021 வரை பல மலிவு மாடல்களை அது இல்லாமலே விற்றன. பின்னர் எழுந்த திருட்டு அலையில் பதின்வயதினர் உட்படப் பலர் உயிரிழந்தனர். சோதனை வந்தால் மட்டுமே, வந்த இடத்தில் மட்டுமே வலுவூட்டும் போக்கு பிறரிடமும் உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், காரின் முகப்பில் ஓட்டுநர் பக்கத்துக் கால் பங்கு மட்டும் தடையில் மோதும் சோதனையை 2012 இல் கொண்டுவந்ததும் பல நிறுவனங்கள் அந்தப் பக்கத்தை உறுதியாக்கின. 2016 இல் அதே ஆய்வகம் பயணியின் பக்கத்தையும் மோதிப் பார்த்தபோது, ஓட்டுநர் பக்கத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற ஏழு சிறு எஸ்.யு.வி.களுள் ஹூண்டாய் டூசான் ஒன்றே பயணியையும் அதே அளவு காத்தது. நம்பகத்தன்மைக்குப் பெயர்பெற்ற டொயோட்டா ராவ்4 அந்தச் சோதனையில் தேறவில்லை.

ஆகையால் ஒரு வண்டியைத் தேர்வோர் முத்திரையின் நாட்டைக் கேட்பதைவிட, அந்த மாடலின் அந்த ஆண்டுக்கு உரிய திரும்பப் பெறுதல்களைப் பார்ப்பதும், வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தேடலில் இட்டு நிலுவையிலுள்ள பழுதுகளை அறிவதும் பயன் தரும். அந்தப் பழுதுநீக்கம் இலவசம். இருப்பினும் இந்தப் பொறுப்பு முழுவதையும் வாங்குவோர் மீது ஏற்றுவது முறையன்று. 2004 இல் திரும்பப் பெறுதல் அறிவிக்கப்பட்டும் சரிசெய்யப்படாத வாடகைக் கார் தீப்பற்றி மோதியதில் இரு சகோதரிகள் இறந்தபின், அவர்கள் தாய் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 35 க்கு மேற்பட்ட வண்டிகளை வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் நிலுவைக் குறையோடு காரைக் கொடுக்கக்கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் 2016 இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கார் விற்போருக்கு அத்தகைய தடை சேர்க்கப்படவில்லை. பத்து, பதினைந்து ஆண்டு பழைய கார்கள் மூன்றாம், நான்காம் கைக்கு மாறி, அறிவிப்புக் கடிதம் முந்தைய முகவரிக்கே போய்ச்சேர, புதிய கார் வாங்க இயலாதவர்களின் வீடுகளில்தான் தகாட்டாவின் குப்பிகள் இறுதிவரை தங்கின. அந்தத் தடையைப் பழைய கார் விற்பனைக்கும் நீட்டிக்கும் மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை.